பிடரி இல்லாத சிங்கம்

'ஆதிமனிதன், சிங்கம்' என்று இணையத்தில் படம் தேடினால் அடர்ந்த பிடரியோடு ஒரு சிங்கமும், எதிரே ஈட்டி பிடித்த நாலு பேரும்தான் வந்து நிற்பார்கள். ஐரோப்பியப் பனியுகம் என்று தலைப்புப் போட்டிருந்தால் அந்தப் பிடரியை நம்ப வேண்டாம். அன்று சிங்கத்தை நேரில் பார்த்துக் குகைச் சுவரில் வரைந்தவர்களே அதைப் போடவில்லை.

பிரான்சின் ஆர்தேஷ் பகுதியில் 1994 டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்ட ஷோவே குகையில் ஒரு சிங்கத்துக்கு விதைப்பை தெளிவாக வரையப்பட்டிருக்கிறது. ஆண்தான், ஆனால் பிடரி கிடையாது. அங்கே வாழ்ந்தது இன்று அழிந்துபோன குகைச் சிங்கம். அதனால் பிடரி இல்லாததை வைத்துப் 'பெண் சிங்கம்' என்று படக்குறிப்பு எழுதுவது தப்பு.

ஷோவே சிங்கங்களின் புகைப்படத்தைப் பெரிதாக்கி மூஞ்சியைப் பாருங்கள். மீசை முளைக்கும் இடத்தில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் இருக்கும். கன்னத்தில் கரியைக் கையால் தேய்த்து நிழல் கொண்டுவந்திருக்கிறார்கள். சுற்றிலும் வெளுப்பாகத் தெரிவது சாயமல்ல. வரையும் முன் சுவரின் களிமண் படலத்தைச் சுரண்டியதால் வெளிப்பட்ட சுண்ணாம்புக்கல் அது. குகைக்கரடியின் நகக்கீறல்களும் உண்டு. கீறல் கரிக்கோட்டை அறுத்துப் போகிறதா, கோடு கீறலின் மேல் ஓடுகிறதா என்று பார்த்தால் எது முந்தியது என்று சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் கெடுப்பது கேமராவின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ஃபிளாஷ். சுவரின் மேடுபள்ளம் மறைந்து, குகை ஓவியம் தாளில் வரைந்ததுபோல் தட்டையாகிவிடும். சிங்கங்களும் காட்டெருதுகளும் உள்ள பெரிய சுவரின் நடுவே ஒரு குழிவு இருக்கிறது. அதிலிருந்து குதிரை வெளியே வருவதுபோல் வரைந்திருக்கிறார்கள். நேர் வெளிச்சத்தில் அந்த விளையாட்டே போய்விடும்.

எந்தக் குகை ஓவியமானாலும், அனுமதி வாங்கிய பிறகு, கரிக்கோட்டுக்கு இரண்டு எல்.இ.டி. விளக்குகளை இருபுறமும் 45 டிகிரியில் வையுங்கள். கீறலுக்கு ஒரே விளக்கு போதும். சுவரை ஒட்டினாற்போல் 10–15 டிகிரி சாய்வில் வெளிச்சம் விழ வேண்டும். முக்காலி, ரா கோப்பு (கேமரா சுருக்காமல், மாற்றாமல் சேமிக்கும் மூலப் படம்), 10 செ.மீ. அளவுகோல், நிறத்தைச் சரிபார்க்கும் நிறப்பட்டை எல்லாம் கட்டாயம். அளவுகோலைச் சுவரில் ஒட்டக் கூடாது. கோடு பளிச்சென்று தெரியட்டும் என்று தண்ணீர் தெளிப்பது, சாக்பீஸால் வரைவது இரண்டும் ஓவியத்தைக் கொல்லும் வேலை. முப்பரிமாண மாதிரி வேண்டுமென்றால் அடுத்தடுத்த படங்கள் 60–80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய எடுங்கள். நிற வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் டீஸ்ட்ரெட்ச் (DStretch) மென்பொருள் மங்கிய காவிக்கு அருமை, கரிக்கு அவ்வளவு உதவாது. அது தரும் நிறம் பொய் நிறம் என்பதைப் படத்தோடு எழுதிவிட வேண்டும்.

இன்னொன்று: அசல் ஷோவே குகைக்குள் பொதுமக்களை விடுவதில்லை. 2015இல் அருகிலேயே ஒரு நகலைக் கட்டித் திறந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் பகிரும் 'ஷோவே சிங்கங்கள்' அந்த நகலில் உள்ளவை.