யூட்டா பயணத் திட்டம்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

6 ஜூலை 2024, சனி

மச்சான் பசியாற வந்தபோது கையில் தையல் நூல்கண்டு ஒன்று இருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநில வரைபடத்தை மேசையில் விரித்து, சடக்கு வளைகிற இடமெல்லாம் நூலையும் வளைத்து அளந்தார். லாஸ் வேகஸில் தொடங்கி சயான், பிரைஸ், டோரி, ஹேங்ஸ்வில், பிளாண்டிங், மோனுமெண்ட் வேலி, பேஜ் என்று சுற்றி மறுபடி லாஸ் வேகஸ். சுமார் 1,600 கிலோமீட்டர் வந்தது. மலேசியாவில் நாங்கள் இருக்கிற சுங்கை சிப்புட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போகிற தூரம்.

"இதுக்கா மாப்ளே ரெண்டு வாரம்?" என்றார். 31 வருடம் செம்பனைக் குலை லோரி ஓட்டியவருக்கு இந்தத் தூரம் இரண்டு நாள் வேலை. ஓட்டி முடிப்பதற்காகப் போகவில்லை, நின்று பார்ப்பதற்காகப் போகிறோம் என்று சொன்னேன்.

எங்கள் மூவருக்கும், அதாவது எனக்கும் என் மனைவிக்கும் அவளுடைய அண்ணனுக்கும், பிறந்தது வளர்ந்தது எல்லாம் தோட்டத்தில்தான். லயத்து வாசலில் நின்றால் முன்னால் பால்மரம், பின்னால் பால்மரம். அப்புறம் அதை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள். அதுவும் அப்படியே. நாலு நிரைக்கு மேல் கண் போகாது. மரமே மறைக்காத ஒரு நிலத்தை, 100 கிலோமீட்டர் தள்ளி நிற்கிற மலை வரைக்கும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. அதற்கு யூட்டாவின் தெற்கில் விரிந்திருக்கிற கொலராடோ பீடபூமியை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 5 புறப்பாடு, 20 திரும்புதல். தீபாவளி 31 அன்று. பலகாரம் சுட நேரம் வேண்டும் என்று மனைவி முதலிலேயே சொல்லிவிட்டாள்.

14 ஜூலை, ஞாயிறு

ஏன் ஜூலையில் போகவில்லை என்று மூத்தவள் கோலாலம்பூரிலிருந்து போனில் கேட்டாள். விடுப்பு இருந்தால் அவளும் வருவாளாம்.

ஜூலையில் பகலில் 40 டிகிரிக்குப் போகும். அதைவிடப் பெரிய காரணம் மழை. பாலைவனத்திலும் பருவமழை உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் பாதி வரை பிற்பகல்களில் இடி மின்னலோடு கொட்டும். பாறைத் தரை தண்ணீரை உறிஞ்சாது. பெய்தது முழுவதும் குறுகிய பள்ளத்தாக்குகளுக்குள் ஓடி வரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று, பேஜ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற ஆண்டிலோப் கேன்யனில் 11 பேர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். மழை பெய்ததோ பல கிலோமீட்டர் தள்ளி, மேட்டுப் பகுதியில்.

மகளுக்கு நான் சொன்ன ஒரே வார்த்தை: கெப்பாலா ஆயர் (மேலிருந்து திடீரென்று பாய்ந்து வருகிற வெள்ளம்). உடனே புரிந்துகொண்டாள். நம் நீர்வீழ்ச்சிகளில் குளிக்கப் போகிற பிள்ளைகளுக்கு அம்மாக்கள் சொல்லி அனுப்புகிற அதே எச்சரிக்கைதான். மலையில் இருட்டினால் தண்ணீரை விட்டு ஏறிவிடு. அங்கே ஏறுவதற்கு இடம் இருக்காது, இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், அதுதான் வித்தியாசம்.

அக்டோபரில் வானம் தெளிவாக இருக்கும், குளிரும் இருக்கும். பிரைஸ் கேன்யனின் விளிம்பு 2,400 முதல் 2,700 மீட்டர் உயரம். கேமரன் மலையின் தானா ராத்தாவே சுமார் 1,400 மீட்டர்தான். இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். மனைவிக்குக் கம்பளித் தொப்பி வாங்க வேண்டும்.

28 ஜூலை, ஞாயிறு

இன்று முழுக்க வெட்டுவதே வேலை. எந்த இடத்தை விடுவது என்று மூன்று மணி நேரம் பேசினோம்.

கிராண்ட் கேன்யனை நான் விட்டுவிட்டேன். மனைவிக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அமெரிக்கா போய் அதைப் பார்க்காமல் வந்தால் ஊரில் என்ன சொல்வார்கள் என்கிறாள். நியாயமான கேள்வி. ஆனால் வட விளிம்பில் இந்த 2024இல் அக்டோபர் 15 அன்று விடுதிகளை மூடிவிடுவார்கள், நாங்கள் அந்தப் பக்கம் வரும்போது தேதி தாண்டியிருக்கும். தென் விளிம்புக்குப் போக இரண்டு நாள் கூடுதலாக வேண்டும். அந்த இரண்டு நாளை டோரியிலிருந்து பிடுங்க எனக்கு விருப்பமில்லை. ஆர்ச்சஸ் பூங்காவும் போயிற்று.

விடவே மாட்டேன் என்று நான் பிடித்து வைத்தது 12ஆம் எண் நெடுஞ்சாலை. பிரைஸுக்குப் பக்கத்திலிருந்து டோரி வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர். எஸ்கலாண்டேவுக்கும் போல்டருக்கும் நடுவில் ஹாக்பேக் என்ற ஒரு பகுதி இருக்கிறது. பன்றி முதுகு போல ஒரு பாறை முகடு, அதன் மேல் சடக்கு, இரண்டு பக்கமும் சரிவு. போல்டர் என்கிற அந்தச் சின்ன ஊருக்கு 1930களில்கூட கோவேறு கழுதை முதுகில்தான் தபால் வந்தது. அந்தப் படத்தை மச்சான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கைபேசியை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இதை காலையில ஓட்டணும். சாயங்காலம் சூரியன் கண்ணுல அடிக்கும்" என்றார். நாங்கள் போவது வடகிழக்கே, அதனால் காலையில்தான் வெயில் முகத்தில் விழலாம் என்று திசைகாட்டி வைத்துக் காட்டினேன். கடைசியில் பத்து மணிக்கு மேல் என்று முடிவானது.

டோரியில் மூன்று இரவு. கேப்பிட்டல் ரீஃப் அங்கேதான். வாட்டர்பாக்கெட் ஃபோல்ட் என்று பூமியே மடிந்து நிற்கிற ஒரு மடிப்பு, 160 கிலோமீட்டர் நீளம். அதன் நடுவில், ஃபுரூட்டாவில், பழைய குடியேறிகள் வைத்த பழத்தோட்டங்களைப் பூங்காக்காரர்கள் இன்னும் பராமரிக்கிறார்கள். அந்தப் பாலையில் வாய்க்கால் வெட்டி ஆப்பிள் வளர்த்திருக்கிறார்கள். தோட்டத்து மக்களாகிய நாங்கள் அதைப் பார்க்காமல் வரக்கூடாது.

11 ஆகஸ்ட், ஞாயிறு

மோக்கி டக்வேக்காகத்தான் மச்சான் இந்தப் பயணத்துக்கே சம்மதித்தார் என்று நினைக்கிறேன். 261ஆம் எண் சாலையில், சீடர் மேசா என்கிற மேட்டு நிலத்தின் விளிம்பிலிருந்து 5 கிலோமீட்டர் கிரவல் சடக்கு வளைந்து வளைந்து ஏறத்தாழ 350 மீட்டர் கீழே இறங்குகிறது. 1950களில், ஹேப்பி ஜாக் சுரங்கத்து யுரேனியத் தாதுவை மெக்சிகன் ஹேட் ஆலைக்கு லோரியில் இறக்குவதற்காகப் போட்ட வழி. பாரம் ஏற்றிய லோரி அந்தச் சரிவில் எப்படி இறங்கியிருக்கும் என்று அவர் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவது கியரா, முதல் கியரா, பிரேக் சூடானால் எங்கே நிறுத்துவார்கள்?

இன்று வாடகை வண்டியின் ஒப்பந்தத்தை மகள் வரி வரியாகப் படித்துச் சொன்னாள். தார் போடாத சடக்கில் ஓட்டக்கூடாது, ஓட்டினால் காப்புறுதி செல்லாது. ஐந்து கிலோமீட்டர்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான்தான் சொன்னேன். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. "வண்டி நம்மளோடது இல்ல மாப்ளே. அடுத்தவன் லோரியை நான் ஒரு நாளும் அப்படி ஓட்டினதில்ல."

அதனால் மாற்றிக்கொண்டோம். நேச்சுரல் பிரிட்ஜஸ் என்கிற, இயற்கைப் பாறைப் பாலங்கள் இருக்கிற இடத்திலிருந்து தெற்கே திரும்பி, தார் முடிகிற இடம் வரை போவோம். வண்டியை நிறுத்தி, விளிம்பில் நின்று அந்தச் சடக்கை மேலிருந்து பார்ப்போம். பிறகு வந்த வழியே திரும்பி பிளாண்டிங். போய்வர ஏறத்தாழ 80 கிலோமீட்டர் கூடுகிறது. மோனுமெண்ட் வேலியின் உள்சுற்றும் 27 கிலோமீட்டர் மண் பாதைதான், அங்கே நவாஹோ வழிகாட்டியின் வண்டியில் ஏறிக்கொள்வது.

31 ஆகஸ்ட், சனி

தேசிய தினம். ஒத்திகை பார்க்கக் கிளம்பினோம்.

95ஆம் எண் சாலையை நினைத்துத்தான். ஹேங்ஸ்விலிலிருந்து பிளாண்டிங் வரை சுமார் 200 கிலோமீட்டர், நம்பி எண்ணெய் போட நடுவில் ஒரு நிலையம் இல்லை. ஈப்போவில் ஏறினால் கோலாலம்பூர் வரை ஒரு ஓய்வு நிறுத்தம் கூட இல்லை, வீடில்லை, ஒட்டுக்கடை இல்லை, போன் சிக்னல் இல்லை என்று நினைத்துப் பாருங்கள். இங்கே அதற்குக் கொஞ்சமாவது ஒப்பாகச் சொல்ல கிரிக்–ஜெலி நெடுஞ்சாலைதான் இருக்கிறது. 1982இல் திறந்த கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, யானை கடக்கிற இடம்.

காலை ஐந்தரைக்கு மைவி காரில் புறப்பட்டோம். கிரிக்கில் டேங்க் நிரப்பி, போனை விமானப் பயன்முறையில் போட்டோம். முன்பே இறக்கி வைத்த வரைபடத்தை வைத்து மட்டும் வழி பார்க்க வேண்டும் என்பது விதி. வரைபடம் நன்றாகவே வேலை செய்தது. தண்ணீர்க் கணக்குத்தான் தப்பு. மூன்று பேருக்கு ஆறு லிட்டர் கொண்டுபோனோம், மதியத்துக்குள் நான்கு லிட்டர் போய்விட்டது, இவ்வளவு ஈரக் காற்றிலேயே. பாலைவனத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று சொல்வது குறைந்தபட்சம், அதிகமில்லை. லாஸ் வேகஸில் இறங்கியதும் முதல் வேலை தண்ணீர் வாங்குவது.

தித்திவங்சா உச்சியில் இறங்கி நின்றோம். மேகம் விலகியபோது மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொன்று. எல்லாம் காடு. மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. "அங்க இதே மாதிரி, ஆனா மரமே இருக்காதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கல்லின் நிறம் மட்டும்தான், ஜுராசிக் காலத்தில் காற்று குவித்த மணல்மேடுகள் கல்லாகிப் போனவை. ஈப்போவின் சுண்ணாம்பு மலைகளை மழை கரைத்துக் குகையாக்கிவிட்டது. அங்கே மணல்மேட்டின் சாய்ந்த வரிகள்கூட அப்படியே பாறையில் தெரியுமாம். அவள் கிராண்ட் கேன்யனைப் பற்றி அப்புறம் கேட்கவில்லை.

9 செப்டம்பர், திங்கள்

ஈப்போ ஜேபிஜேவில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) அனைத்துலக லைசென்ஸ் எடுத்தாயிற்று, எனக்கும் மச்சானுக்கும். விசா ஜூலையிலேயே வந்துவிட்டது. பூங்கா நுழைவுக்கு இந்த 2024இல் 80 டாலர் ஆண்டு அட்டை ஒன்று போதும், வண்டிக்குள் இருக்கிற எல்லோருக்கும் செல்லும். சயான் 35, பிரைஸ் 35, கேப்பிட்டல் ரீஃப் 20 என்று தனித்தனியாகக் கட்டினாலே 90 ஆகிவிடும். மோனுமெண்ட் வேலிக்கு அது செல்லாது. அது நவாஹோ மக்களின் சொந்தப் பூங்கா, 1958 முதல் அவர்களே நடத்துகிறார்கள், கட்டணம் அவர்களுக்கே.

16 செப்டம்பர், திங்கள்

கடிகாரத்தில் ஒரு சிக்கல். யூட்டா நேரம் நெவாடாவை விட ஒரு மணி முன்னால். அரிசோனா கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஆனால் அதே அரிசோனாவுக்குள் இருக்கிற நவாஹோ நிலத்தில் மாற்றுகிறார்கள். மோனுமெண்ட் வேலியில் பத்து மணி என்றால் பேஜில் ஒன்பது. ஆண்டிலோப் கேன்யனுக்கு வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, முன்பதிவில் இருப்பது பேஜ் நேரம். அட்டவணையில் ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் நேரத்தைச் சிவப்பு மையில் எழுதினேன்.

3 அக்டோபர், வியாழன்

சடக்கின் வலது பக்கம் ஓட்டுவதற்கு மச்சான் ஒரு வழி வைத்திருக்கிறார். ஒவ்வொரு சந்திப்பிலும் பக்கத்தில் இருப்பவர் "வலது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஓட்டுபவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நேற்றும் இன்றும் தாமானுக்குள் (எங்கள் குடியிருப்புக்குள்) நடந்தே பழகினோம். பக்கத்து வீட்டு அக்கா என்ன விளையாட்டு என்று கேட்டார்.

முதல் இரவு லாஸ் வேகஸில் தூக்கம் மட்டும்தான், இத்தனை மணி நேரம் பறந்து வந்த கண்ணோடு யாரும் ஸ்டீரிங் பிடிக்கக்கூடாது. மறுநாள் சயானில் 1930இல் குடைந்து முடித்த சுரங்கப்பாதை வழியாக வண்டி போகும், 1.8 கிலோமீட்டர், நம் மெனோரா சுரங்கத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மச்சான் அதை ஓட்டுகிறார். ஹாக்பேக் எனக்கு.

துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை மதியம் ஈப்போ அமான்ஜெயாவில் பேருந்து.