திருப்புளியும் காதும்

பழைய காரைக் கொண்டுவருகிறவர் பட்டறை வாசலில் இறங்கியதும் முதலில் சொல்வது பெரும்பாலும் ஓர் இரட்டைக்கிளவியாகத்தான் இருக்கும். ஒருவர் "கடகடங்குது" என்பார். அடுத்தவர் "டிக்டிக்குன்னு அடிக்குது" என்பார். மஞ்சக்குப்பத்திலிருந்து தம் அம்பாசிடரைக் கொண்டுவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "உள்ளே யாரோ உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிற மாதிரி இருக்குப்பா" என்றார். சத்தத்துக்குப் பெயர் வைப்பதில் தமிழுக்குக் குறைவில்லை. ஆனால் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பட்டறை வைத்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், அந்தப் பெயரை மட்டும் நம்பி எஞ்சினைப் பிரிக்க நான் துணிவதில்லை. தொழில் பழகிய காலத்தில் ஒருமுறை துணிந்து வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் தொழில் பழகியது புதுச்சேரி முதலியார்பேட்டையில், கடலூர் சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில். அங்கிருந்த மேஸ்திரி, வாடிக்கையாளர் சத்தத்தை நடித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே குறுக்கிட்டு, "எப்போ?" என்று மட்டும் கேட்பார். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகா; நின்ற இடத்தில் ரேஸ் கொடுக்கும்போதா, பாலம் ஏறும்போதா, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த அந்த நொடியிலா; கிளட்சை மிதித்தால் நிற்கிறதா, கூடுகிறதா என்று அந்த ஒரு சொல்லை அவர் விரித்து விரித்துக் கேட்டு முடிப்பதற்குள் பாதிச் சந்தேகங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். கிளட்சை மிதித்ததும் வரும் உறுமலுக்கு ரிலீஸ் பேரிங்கைப் பார்க்க வேண்டுமே தவிர எஞ்சினைத் தொட வேண்டியதில்லை. சுமை ஏறும்போது மட்டும் சலங்கை குலுங்குவதுபோல் வருவது பெரும்பாலும் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், முன்னால் போனதால் வருவது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பி வைத்தால் அடங்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இருந்து சூடானதும் மறைகிற சத்தம் ஒரு குடும்பம். குளிரில் இல்லாமல், ஆயில் சூடாகி இளகிய பிறகு தலைகாட்டுகிற சத்தம் வேறு குடும்பம். பின்னதுதான் பேரிங்குகளின் பக்கம் நம்மைக் கொண்டுபோகும். செலவும் கூடவே வரும்.

"எங்கே?" என்ற கேள்வியை அவர் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. அந்தக் கால எஞ்சின் பிளாக் ஒரே வார்ப்பிரும்பு. ஒரு மூலையில் தட்டினால் மறுமூலையில் கேட்கும். பானெட்டைத் திறந்து நிற்பவருக்கோ எல்லாச் சத்தமும் தம் முகத்துக்கு நேரே எழுவதாகத் தோன்றும். அதற்காகத்தான் நீளமான திருப்புளி. மரப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு, முனையை வால்வு மூடி, ஃப்யூல் பம்ப், டைனமோ, வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தால், வெளியே ஒரே இரைச்சலாக இருந்தது தனித்தனிக் குரல்களாகப் பிரியும். ஓடுகிற ஃபேனுக்குப் பக்கத்தில் குனிகிறோம் என்பதால் கழுத்துத் துண்டை முதலில் கழற்றி வைக்கச் சொல்வார். ஸ்டெதஸ்கோப்பின் நுனியில் கம்பி பொருத்தி இப்போது விற்கிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன். ஆனாலும் கை திருப்புளியைத்தான் தேடுகிறது.

இடத்தைவிட நம்பகமானது தாளம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன்கள் சுழற்றும் அச்சான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். ஸ்லோவில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால் ஒரு வால்வு 400 முறைதான் திறந்து மூடும். ஆகவே வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் இடையில் எழும் டாப்பெட் சத்தம் எஞ்சினின் வேகத்துக்குப் பாதியில் நடக்கும். கிராங்க் பக்கத்துச் சத்தம் பெரும்பாலும் முழு வேகத்தில் நடக்கும். எண்ணிப் பார்க்க முடியாவிட்டாலும், இரண்டும் வேறு வேறு நடை என்பது பழகிய காதுக்குத் தெரியும். அம்பாசிடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் டாப்பெட் இடைவெளி 15 தௌ, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. எட்டு வால்வுகளில் முதலாவது முழுதாக அமுங்கியிருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது அமுங்கியிருந்தால் ஆறாவதை. "கூட்டினா ஒன்பது வரணும்டா" என்று மேஸ்திரி சொல்லிக்கொடுத்த கணக்கு இது. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான கேஜ் வைத்துச் சரியாக முடுக்கிய பிறகும் தட்டினால் ராக்கரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அது குழிவாகத் தேய்ந்திருந்தால் கேஜ் குழியின் இரு கரைகளையும் தொட்டுக்கொண்டு நிற்கும். வால்வு தண்டோ குழிக்குள் விழுந்து எழும். கேஜ் பொய் சொல்லாது என்று நினைத்திருந்த எனக்கு அதுவும் ஒரு பாடமாயிற்று.

டாப்பெட் என்று சொல்லிக் கொண்டுவரப்படும் பல கார்களில் குற்றவாளி டாப்பெட் இல்லை. எங்களுடையது கடலோர ஊர். தேவனாம்பட்டினத்திலும் முதுநகர்த் துறைமுகப் பக்கத்திலும் வீட்டு வாசலில் நிற்கிற கார்களின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, அதாவது புகைக் குழாய்த் தொகுதியை, எஞ்சினோடு பிடித்திருக்கும் ஸ்டட்டுகளை உப்புக்காற்று தின்றுவிடுகிறது. ஒன்று தளர்ந்தாலோ முறிந்தாலோ கேஸ்கெட் வழியே புகை கசிந்து, எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதெல்லாம் ஒரு 'டிக்' கேட்கும். வால்வின் தாளத்திலேயே வருவதால் காது ஏமாந்துபோகும். சூடேறியதும் இரும்பு விரிந்து கசிவை அடைத்துக்கொள்ள, சத்தமும் நின்றுவிடும். துணியைச் சுருட்டிச் சைலன்சர் வாயை ஓரிரு நொடி அழுத்திப் பிடித்தால் அந்த 'டிக்' பெரிதாகிச் சீறும். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருப்பதும் காட்டிக்கொடுக்கும். புது கேஸ்கெட்டும் ஸ்டட்டும் போட்டால் தீர்கிற வேலை இது. இது தெரியாமல் டாப்பெட்டை மேலும் மேலும் முடுக்கி, வால்வு சரியாக மூடாமல் கருகிப்போய் வந்த கார்களையும் பார்த்திருக்கிறேன்.

இனி, என் துணிச்சலின் கதை. மேஸ்திரி ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் வில்லியனூரிலிருந்து ஒரு வாடகை அம்பாசிடர் வந்தது. ஸ்லோவில் கனமான 'டொக் டொக்'. சூடான பிறகும் குறையவில்லை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் என்று கேட்ட மாத்திரத்தில் முடிவு செய்துவிட்டேன். அதற்கு ஒரு சோதனை உண்டு. ஓடும் எஞ்சினில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்து மாட்ட வேண்டும். வெடிப்பு நின்ற சிலிண்டரின் ராடு அழுத்தமில்லாமல் சுற்றும் என்பதால், எந்த ஒயரை எடுத்தால் சத்தம் சட்டென்று அடங்குகிறதோ அங்கேதான் கோளாறு. முதல் ஒயரை எடுத்தேன். சத்தம் சற்றே மாறியது. இரண்டாவதை எடுத்தேன், இன்னும் கொஞ்சம் மாறியதுபோல் இருந்தது. இரண்டாவதுதான் என்று தீர்த்துக்கொண்டு, மூன்றையும் நான்கையும் எடுத்துப் பார்க்காமலே ஆயிலை வடித்து, எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சேம்பரைக் கழற்றினேன். அந்த எஞ்சினில் ராடின் அடிப்பக்கம் நேராக இல்லாமல் சாய்வாகப் பிளக்கப்பட்டிருக்கும். மல்லாந்து படுத்துக் கையை வளைத்து ஸ்பேனர் போட்டதில் முழங்கை வரை கறுப்பு ஆயில் வழிந்தது. ராடின் தொப்பியைக் கழற்றி, பேரிங் ஓட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. மற்ற மூன்றையும் கழற்றினேன். அவையும் அப்படியே.

மறுநாள் வந்த மேஸ்திரி திட்டவில்லை. எல்லாவற்றையும் மாட்டி ஆயில் ஊற்றச் சொன்னார். எஞ்சினை ஓடவிட்டு நான்கு ஒயர்களையும் வரிசையாக எடுத்தார். நான்கிலும் சத்தம் ஒரே அளவு கொஞ்சமாக மாறியது, ஒன்றிலும் அடங்கவில்லை. பிறகு ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டினார். சத்தத்தின் குணமே வேறாகிவிட்டது. எஞ்சினை நிறுத்தி, கிராங்க் புல்லியை இரு கைகளாலும் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தார். டொக், டொக். ஹேண்டில் போட்டுச் சுற்றுவதற்காக முன்னால் இருக்கும் பெரிய நட்டு தளர்ந்து, லாக் வாஷரின் ஓரம் மடிக்கப்படாமல் இருந்தது. புல்லியைக் கிராங்கோடு பூட்டும் கீயும் அதன் பள்ளமும் தேய்ந்திருந்தன. "நீ தேடினது கிடைச்ச மாதிரி தெரிஞ்சதும் தேடறதை நிறுத்திட்ட" என்றார். ஆயில் காசும் சேம்பர் கேஸ்கெட் காசும் என் கூலியில் பிடிக்கப்பட்டன, அது நியாயம்தான்.

திருப்புளியும் தாளமும் சேர்ந்து கைவிட்ட ஒரு காரும் உண்டு. 2015 நவம்பர் மழையில் கடலூர் வெள்ளக்காடானபோது, செம்மண்டலம் பக்கம் தண்ணீரில் ஓட்டி நின்றுபோன மாருதி 800 அது. 796 சிசி, மூன்று சிலிண்டர். வேறொரு இடத்தில் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றி ஓட விட்டிருந்தார்கள். சில வாரங்கள் கழித்து, மங்கலான ஒரு தட்டலோடும் உதறலோடும் என்னிடம் வந்தது. எங்கே வைத்துக் கேட்டாலும் தெளிவில்லை. உரிமையாளரிடம் "எப்போதிலிருந்து?" என்று கேட்டதும்தான் மழைக்கதை வெளியே வந்தது, அதுவரை வெள்ளத்தைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. கம்ப்ரஷன் கேஜ் வைத்தால் நடு சிலிண்டர் மட்டும் குறைவு. சிறிது ஆயில் விட்டுப் பார்த்தும் சொல்லும்படி ஏறவில்லை. ஆகவே கோளாறு பிஸ்டன் ரிங்கில் இல்லை. ஹெட்டை இறக்கி, பிஸ்டன்களை ஒவ்வொன்றாக உச்சிக்குக் கொண்டுவந்து அளந்தபோது, நடு பிஸ்டன் மற்றவற்றைவிட ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தாழ நின்றது. காற்றைப்போல் தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டன் நெரிக்கப் போய் ராடு வளைந்துவிட்டிருந்தது. கண்ணால் பார்த்தால் அந்த வளைவு தெரியவே இல்லை.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இடையில் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டிப் பார்க்க வரும் நாளில் எஞ்சினில் கெட்டியான ஆயிலை ஊற்றி வைக்கும் வழக்கம் சந்தையில் உண்டு. தேய்ந்த பேரிங்கின் சத்தத்தை அது சில நாட்கள் பொத்தி வைக்கும். போய்ச் சேரும்போது எஞ்சின் சூடாக இருந்தால், யாரோ முன்பே ஓட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த பிறகு வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுவது நல்லது.

ஆசிரியரின் அம்பாசிடருக்கு வருகிறேன். வெற்றிலை இடிக்கிற சத்தம் காலையில் மட்டும், முதல் நாலைந்து நிமிடம். ஒரு ஒயரை எடுத்ததும் நன்றாகவே குறைந்தது; சூடானதும் தானாகவே மறைந்தது. தேய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் சுவரில் மோதுகிற சத்தம். சூட்டில் பிஸ்டன் விரிந்ததும் இடைவெளி குறைந்துவிடுகிறது. ஆயில் குடிக்கவில்லை, புகையும் இல்லை. "ரீபோர் செய்யணுமா?" என்று, சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் வேலையை நினைத்துக் கவலையோடு கேட்டார். "சார், காலையில கொஞ்ச நேரம் வேகமா விரட்டாதீங்க, அது போதும்" என்றேன். 2014-இல் உத்தர்பாராவில் தயாரிப்பு நின்றுபோன காரைப் பிரித்துப் போட்டுவிட்டு உதிரிபாகத்துக்கு அலைவதைவிட, தினமும் ஐந்து நிமிடம் வெற்றிலை இடிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பது என் கட்சி.

இப்போது என் காது வேறொரு கணக்குக் காட்டத் தொடங்கியிருக்கிறது. பட்டறை இரைச்சலில் வாழ்ந்தவர்களுக்கு முதலில் போவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் என்று காது மருத்துவர் சொன்னார். கனத்த 'டொக்' எனக்கு இன்னும் தெளிவாகக் கேட்கிறது. பெல்ட்டின் கீச்சொலி கேட்பதில்லை. போன மாதம் வந்த ஒரு காரில் கீச்சென்று கத்துவதாக உரிமையாளர் சொல்ல, பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஓடுகிற பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன்.

"என்ன தம்பி, கூடுதா குறையுதா?"

"நின்னுபோச்சுண்ணா." சற்றுப் பொறுத்து, "மறுபடி வருது" என்றான்.

தண்ணீர் பட்டதும் கூடியிருந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. நின்று திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. எனக்கு மூன்று நிலையும் ஒன்றுபோலவே இருந்தன. நேர்கோட்டுச் சட்டத்தை எடுத்துவரச் சொன்னேன்.