யூராலஜி எம்.சிஎச்.: மண்டல வகுப்பில் வாங்கிக் கட்டிக்கொண்டது

எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.எஸ். மூன்று வருடம், அப்புறம் உயர்சிறப்புப் படிப்புக்கான நீட் எஸ்.எஸ். தேர்வை எழுதி, எம்.சிஎச். என்ற அந்தப் படிப்பில் யூராலஜிக்குள், அதாவது சிறுநீர்ப் பாதை அறுவை சிகிச்சைக்குள், நுழையும்போது வயது முப்பதை ஒட்டியிருக்கும். வார்டில் எல்லோரும் ‘சார்’ என்று கூப்பிடுவார்கள். அந்த வயதில் நாலு பேர் முன்னால் ‘தெரியாது’ என்று சொல்ல வாய் வராது. என் முதல் இரண்டு வருடப் படிப்பைக் கெடுத்தது அதுதான்.

யூராலஜிக்கல் சொசைட்டி ஆஃப் இந்தியாவின் இந்தியன் ஸ்கூல் ஆஃப் யூராலஜியும், தென் மண்டலக் கிளையும் பயிற்சி மாணவர்களுக்கு வகுப்பு நடத்துகின்றன. வெவ்வேறு ஊர்ப் பேராசிரியர்கள் வருவார்கள். மாணவன் கேஸ் சொல்ல வேண்டும், அவர்கள் குடைவார்கள். முதல் இரண்டு வகுப்புகளில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஸ்லைடுகளை போனில் படம் பிடித்தேன். அவற்றை இன்று வரை திறந்து பார்த்ததில்லை.

மூன்றாவது தடவை கேஸ் சொல்ல ஆள் கிடைக்காமல் என்னைத் தள்ளிவிட்டார்கள். யூரித்ரல் ஸ்ட்ரிக்சர், அதாவது சிறுநீர் வெளியேறும் குழாய் ஓரிடத்தில் சுருங்கிய நோயாளி, லாரி ஓட்டுநர். அந்தக் குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயான ஆர்.ஜி.யு. படத்தை மாட்டி, “பல்பார் ஸ்ட்ரிக்சர், ஒரு சென்டிமீட்டர், வெட்டி இணைத்துவிடலாம்” என்று கம்பீரமாகச் சொன்னேன். பேராசிரியர் எழுந்து வந்து இடுப்பெலும்பில் இருக்கும் இரண்டு ஆப்டுரேட்டர் துளைகளையும் பேனாவால் தொட்டுக் காட்டினார். இரண்டுமே நன்றாகத் திறந்து தெரிந்தன. அப்படியென்றால் நோயாளியைச் சாய்த்துப் படுக்க வைக்காமல், மல்லாக்கப் படுக்க வைத்தே எடுத்திருக்கிறார்கள். அப்படி எடுத்தால் ஸ்ட்ரிக்சர் உள்ளதைவிடக் குட்டையாகத் தெரியும். 2 செ.மீ.க்குள் என்றால் வெட்டி இணைப்பது, அதைத் தாண்டினால் கன்னத்தின் உள்சவ்வை எடுத்து ஒட்டுவது என்று முடிவெடுக்கிற இடத்தில் நான் தப்பான படத்தை நம்பியிருக்கிறேன். “மேல்முனை எங்கே தெரிகிறது, எம்.சி.யு. எடுத்தாயா?” என்று, சிறுநீர் கழிக்கும்போது எடுக்கும் எக்ஸ்ரேயைக் கேட்டார். இல்லை. “வாயைப் பார்த்தாயா தம்பி?” அதுவும் இல்லை. ஓட்டுநர் வருடக்கணக்கில் புகையிலை போடுகிறவர். கன்னச் சவ்வு கெட்டிப் போயிருந்தால் ஒட்டு எங்கிருந்து எடுப்பது?

அன்று மாலையே வார்டுக்குப் போய் அவரை வாயைத் திறக்கச் சொன்னேன். “கோளாறு கீழ இருக்கு சார், மேல என்னத்த பாக்குறீங்க?” என்றார்.

இதை இத்தனை விவரமாகச் சொல்வதற்குக் காரணம், பெரிய புத்தகத்தில் இந்த மூன்று விஷயங்களையும் நான் ஏற்கெனவே படித்திருந்தேன். கோடும் போட்டிருந்தேன். ஆனாலும் நின்று பேசும்போது ஒன்றும் வரவில்லை. ஆகவே மண்டல வகுப்புக்குப் போனால் கேஸ் சொல்லுங்கள். சொந்தத் துறையில் நம் பேராசிரியர் என்ன கேட்பார் என்று நமக்குத் தெரியும், நாம் எங்கே தடுமாறுவோம் என்று அவருக்கும் தெரியும், பாவம் பார்த்துத் தாண்டிவிடுவார். தேர்வுக்கு வருகிற வெளியூர்க்காரருக்கு அந்தப் பாவம் கிடையாது.

அந்த வகுப்பில் பழக்கமான நாலு பேர், சென்னை, மதுரை, கோவை என்று ஆளுக்கொரு ஊர், ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஆன்லைனில் சேர்ந்தோம். ஒருவர் கேஸ் சொல்வார், ஒருவர் தேர்வாளர். கேஸ் சொல்வதைவிடத் தேர்வாளராக உட்காரும்போதுதான் எனக்கு அதிகம் விளங்கியது. கேள்வி கேட்க வேண்டுமென்றால் பதில் எங்கே ஓட்டையாக இருக்கும் என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டுமே!

கருவிகளைப் படத்தில் படிக்காதீர்கள். ஓ.டி. சிஸ்டரிடம் சொல்லி, அன்றைய அறுவை லிஸ்ட் முடிந்ததும் கருவி ட்ரேயைக் கையில் வாங்குங்கள். கருவியின் தடிமனை அளக்கும் ஒரு பிரெஞ்ச் என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, 24 பிரெஞ்ச் ஷீத் (கருவியின் வெளிக்குழல்) 8 மி.மீ. இது மனப்பாடமாக இருப்பது வேறு, ஷீத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ‘இது என் நோயாளியின் மீயட்டஸில், அந்தச் சிறுநீர்த் துவாரத்தில், நுழையுமா’ என்று யோசிப்பது வேறு.

சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் பரிசோதனையும் அப்படித்தான். மெஷின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நோயாளியை இருமச் சொன்னால் சிறுநீர்ப்பை அழுத்தமும் வயிற்று அழுத்தமும் ஒன்றாக எகிற வேண்டும். ஒன்று மட்டும் எகிறினால் டியூபில் கோளாறு, அதற்குப் பிறகு வரும் கோடு எதையும் நம்ப முடியாது. இதைச் சரிபார்க்காமல் நேராக அடைப்புக் குறியீட்டைக் கணக்குப் போட்டு, 40-க்கு மேல், அடைப்பு உண்டு என்று சொல்பவர்கள்தான் அதிகம். நானும் சொல்லியிருக்கிறேன்.

தியரிக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய கேள்வித்தாள்கள், ஐரோப்பிய வழிகாட்டு நெறிகளின் அந்த வருடப் பதிப்பு, ஒவ்வொரு விடைக்கும் ஒரு படம். கையெழுத்து மோசமென்றால் இப்போதே எழுதிப் பழகுங்கள்.

எனக்குத் தேர்வில் லாங் கேஸாக வந்தது பி.யு.ஜே. அடைப்பு, அதாவது சிறுநீரகமும் அதிலிருந்து இறங்கும் குழாயும் சேரும் இடத்தில் அடைப்பு. இருபத்திரண்டு வயதுப் பையன். ஐந்தாவதோ ஆறாவதோ கேள்விக்கு எனக்குப் பதில் இல்லை. “தெரியாது சார்” என்றேன். தேர்வாளர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “சரி, ரீனோகிராமை எடு, லாசிக்ஸ் எப்போது கொடுத்திருக்கிறார்கள்?” என்று, சிறுநீரைப் பெருக்கும் மருந்து கொடுத்து எடுக்கும் அந்த ஸ்கேனைப் பற்றிய அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.