ஆன்டெக்ரியாவிலிருந்து வந்த பெண்

"அந்தப் பொண்ண உள்ள விட்டீங்களா சார்?" என்று எங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் க்ளெய்ம் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் கேட்டபோது, விட்டேன் என்று சற்றுப் பெருமையாகவே சொன்னேன். "ஃபைன் வரலையா?" என்றார். வரவில்லை என்றேன். "அப்படின்னா முதல் ரெண்டு வார்னிங்லயே முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். உரையாடல் அவ்வளவுதான். அந்தப் பெண் வரும் கைப்பேசி விளையாட்டை எனக்கு அறிமுகப்படுத்தியவரே அவர்தான் என்பதால் அதன் விதியை நினைவூட்டினார். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்தும், அன்று மாலை அனுப்பவேண்டிய கடிதங்களின் கட்டில் நான் நிராகரிக்கப் பரிந்துரைத்த ஒரு மரண க்ளெய்மின் கடிதமும் இருந்ததால், அந்த வாக்கியம் என்னோடு வீட்டுக்கு வந்தது, இன்னும் போகவில்லை.

பேப்பர்ஸ், ப்ளீஸ் என்ற அந்த விளையாட்டை லூகாஸ் போப் 2013இல் வெளியிட்டார். கைப்பேசிக்கு 2022இல் வந்தது. பேருந்தில் போகும் நேரத்தில் கைப்பேசியிலேயே அதை ஆடி முடித்தேன். 1982ஆம் ஆண்டு, ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் கிரெஸ்டின் எல்லைச்சாவடியில் நாம் ஒரு சோதனை அலுவலர். குலுக்கலில் விழுந்த வேலை அது. வருபவரின் கடவுச்சீட்டைப் புரட்டி, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டு, தேதி, ஊர், முத்திரை எல்லாவற்றையும் விதிப்புத்தகத்தோடு சரிபார்த்து, பச்சை அல்லது சிவப்பு முத்திரையைக் குத்தவேண்டும். சரியாக முடித்தனுப்பும் ஒவ்வொருவருக்கும் 5 கிரெடிட் கூலி. அந்தக் கூலியில்தான் வாடகை, உணவு, குளிருக்கு வெப்பம், வீட்டில் யாராவது படுத்துவிட்டால் மருந்து. தவறாக யாரையாவது விட்டுவிட்டால் அடுத்த நொடியே ஒரு சீட்டு கரகரவென்று அச்சாகி மேசையில் விழும். அன்றைய முதல் இரண்டு சீட்டுகள் வெறும் எச்சரிக்கை. மூன்றாவதிலிருந்து கூலியில் கைவைப்பார்கள்.

ஐந்தாம் நாள் ஆன்டெக்ரியா நாட்டிலிருந்து ஒருவர் வருகிறார். அவருடைய தாள்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. அடுத்து தன் மனைவி வருவதாகவும் அவளிடம் கொஞ்சம் இரக்கம் காட்டும்படியும் சொல்லிவிட்டு உள்ளே போகிறார். மனைவியிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. கேட்டால், தர மறுத்துவிட்டார்கள், திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். நான் பச்சை முத்திரையைக் குத்தினேன். அவள் நன்றி சொல்லித் தன் நாட்டு நாணயம் ஒன்றைக் கொடுத்தாள். (எங்கள் அலுவலகத்தில் ஒரு க்ளெய்ம்தாரரிடம் அப்படி ஒன்றை வாங்கியிருந்தால் விஜிலன்ஸ் விசாரணை வந்திருக்கும்.) எச்சரிக்கைச் சீட்டு விழுந்தது. அபராதம் இல்லை. மனம் நிறைந்துபோய் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இளைஞரின் பதிலுக்குப் பிறகுதான் அந்த நிறைவை நான் திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன். அன்றைக்கு எத்தனை எச்சரிக்கை மீதமிருந்தது என்பது எனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தது. மூன்றாவது சீட்டாக அவள் வந்திருந்தால், வீட்டில் மகனுக்கு மருந்து வாங்கவேண்டிய நாளாக அது இருந்திருந்தால், விட்டிருப்பேனா என்று நேர்மையாகச் சொல்ல என்னால் முடியவில்லை. விட்டிருக்கவும் கூடும், கற்பனை மகன்தானே. ஆனால் அந்தக் கணத்தில் என் கை பச்சை முத்திரையை நோக்கிப் போனதற்கு முன்னால் மனம் ஒரு சின்னக் கணக்கைப் போட்டு முடித்திருந்தது என்பதை மறுக்க இயலாது. தொழில் பழக்கம்.

கடிதக் கட்டில் இருந்த கோப்புக்கு வருகிறேன். பாலிசி எடுத்த இரண்டாம் ஆண்டில் மாரடைப்பால் இறந்துபோன ஒருவருடையது. முன்கூட்டிய மரணம் என்பதால் வழக்கப்படி விசாரணைக்குப் போயிற்று. பாலிசி கேட்டு நிரப்பித் தரும் ப்ரபோசல் படிவத்தில் சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று இருந்தது. படிவத்துக்கு முந்தைய தேதியிட்ட மருத்துவமனைச் சீட்டுகளோ அவர் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்ததையும் சிறுநீரகப் பாதிப்புக்காக வெளிநோயாளியாகப் போய்வந்ததையும் காட்டின. நாமினியான அவருடைய மனைவி நேரில் வந்து சொன்னது இதுதான்: "சுகர் இருக்குன்னு ஏஜெண்ட்டுகிட்ட சொன்னாரு சார். அதெல்லாம் எழுத வேணாம், பாலிசி லேட்டாகும்னு அந்த ஏஜெண்ட்டுதான் சொன்னாரு. ஃபாரத்தை எழுதுனதும் அவருதான்."

நான் கேட்டேன்: "கையெழுத்து உங்க வீட்டுக்காரருடையதுதானேம்மா?"

"அவரு கையெழுத்துதான் சார்" என்றார். அதன்பின் அவர் எதுவும் வாதாடவில்லை. பையில் இருந்த மற்ற தாள்களை எடுக்கத் தொடங்கியவர், எடுக்காமலேயே பையை மூடிக்கொண்டார்.

என் கேள்வியில் பிழை இல்லை. அதே கேள்வியை இந்தப் பணியில் இருக்கும் எவரும் கேட்பார்கள். ஏஜெண்ட்டோ எழுத்துமூலம் மறுத்திருந்தார். முடிவெடுப்பது நானும் இல்லை. நான் பரிந்துரைக்கிறேன், குழு முடிவு செய்கிறது. கொடுக்கும் பணம் நிறுவனத்தின் சொந்தப் பணமும் இல்லை. நோயை மறைக்காமல் எழுதி, அதற்காகக் கூடுதல் பிரீமியம் கட்டுகிற ஆயிரக்கணக்கானோர் சேர்த்துவைத்த தொகை. ஒருவருக்கு இரக்கப்பட்டுக் கொடுத்தால் உண்மை எழுதியவர்களை ஏமாளியாக்குகிறோம் என்று புதியவர்களுக்கு வகுப்பெடுப்பவன் நான். இவற்றில் ஒன்றையும் இன்றைக்கும் நான் திரும்பப் பெறமாட்டேன்.

ஆனால் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவை, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிந்தைய வடிவில், அறிந்தவர்களுக்கு என் உறுத்தல் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். மூன்றாண்டு கழிந்தபின் எந்தக் காரணத்துக்காகவும் ஓர் ஆயுள் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்க முடியாது; அதற்குள் என்றால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று மோசடி என்பது. அந்த வழியில் போனால் பிரீமியத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை. மோசடி இல்லை என்று காட்டும் பொறுப்பு நாமினியின் தலையில் விழும். ஆனால் பாலிசியை விற்கப் பேசியவர் ஒப்பந்தம் உருவாவதைப் பொறுத்தவரை நிறுவனத்தின் முகவராகவே கருதப்படுவார் என்ற விளக்கமும், நிறுவனத்துக்குத் தெரிந்த விஷயத்தை மறைத்ததாகச் சொல்லமுடியாது என்ற வரியும் அந்த மோசடிப் பகுதியிலேயேதான் உட்கார்ந்திருக்கின்றன. இன்னொன்று, மோசடி என்று சொல்லாமல், முக்கியத் தகவல் தவறாகத் தரப்பட்டது என்று மட்டும் சொல்வது. கட்டிய பிரீமியத்தை 90 நாள்களுக்குள் திருப்பித் தந்துவிடவேண்டும். உண்மை தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்கமாட்டோம் என்று நிறுவனம்தான் காட்டவேண்டும். அதற்கென்று, பாலிசி தரலாமா என்று முடிவெடுக்கும் அண்டர்ரைட்டிங் பிரிவிலிருந்து ஒரு கருத்துக் கடிதம் வாங்குவோம். ஆள் இறந்தபிறகு கேட்கப்படும் அந்தக் கடிதம் கொடுத்திருக்கமாட்டோம் என்றுதான் பெரும்பாலும் சொல்லும்.

நான் இரண்டாவது வழியைப் பரிந்துரைத்தேன். இறந்தவரை மோசடிக்காரர் என்று அழைக்க மனம் வரவில்லை; கட்டிய பணமாவது அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். குழுவிலும் இதை மனிதாபிமானமான பரிந்துரை என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். இப்போது யோசிக்கும்போது, மோசடி என்று நாங்கள் எழுதியிருந்தால் ஏஜெண்ட்டிடம் சொன்னோம் என்ற அந்த அம்மாவின் வாக்கியத்துக்குச் சட்டத்தில் ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கும். மென்மையான சொல்லைத் தேர்ந்ததால் அந்த நாற்காலி எடுக்கப்பட்டுவிட்டது. நான் இதை அறிந்து செய்தேனா, இரக்கத்தில் செய்தேனா என்று பிரிக்க முயன்று பார்த்தேன். ஆன்டெக்ரியாப் பெண்ணின் விஷயத்தைப் போலவே இங்கும் பிரிக்க வரவில்லை. அறிந்திருந்தேன் என்பது உண்மை. இரக்கம் இருந்தது என்பதும் உண்மை.

இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்கத்தான் அதே லூகாஸ் போப்பின் அடுத்த விளையாட்டான ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்னைத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். 2018இல் வந்தது. "இதுல நீங்க இன்ஷூரன்ஸ் ஆளு சார், உங்க வேலையேதான்" என்று இளைஞர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் கப்பல் ஒன்று 1803இல் காணாமல் போய், 1807இல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு ஆளில்லாமல் மிதந்து வருகிறது. கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக நாம் ஏறுகிறோம். பயணிகளும் மாலுமிகளுமாக 60 பேர். ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார், இறந்திருந்தால் எப்படி, யாரால் இறந்தார் என்று ஒரு புத்தகத்தில் எழுதவேண்டும். இறந்தவரின் எச்சத்தருகே ஒரு கடிகாரத்தைத் திறந்தால் அவருடைய கடைசி நொடிகள் காதில் விழும். பிறகு இறந்த கணம் மட்டும் அசையாமல் கண்முன் நிற்கும். சாம்பல் நிறம்கூட இல்லாத, வெறும் புள்ளிகளால் வரைந்த இருநிறப் படம். முதலில் கண் வலித்தது; போகப்போகத் தெருவில் பார்க்கும் முகங்களெல்லாம் புள்ளிகளாகத் தெரியத் தொடங்கின. பேச்சின் தொனி, உடுப்பு, தூங்கும் ஊஞ்சல் படுக்கையில் கட்டியிருக்கும் எண் என்று சிறுசிறு தடயங்களைச் சேர்த்து ஒவ்வொரு பெயராகப் பொருத்தவேண்டும். நோயில் இறந்துபோகும் இந்திய மாலுமிகள் இருவரின் பெயர்களை எழுதியபோது, இவர்களுடைய குடும்பத்துக்கு யார் எந்தத் துறைமுகத்தில் பணம் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள் என்று விளையாட்டுக்குத் தேவையில்லாத ஒரு யோசனை வந்தது.

அந்தக் கப்பலில் எனக்குக் கிடைத்த நிம்மதி பேப்பர்ஸ், ப்ளீஸில் ஒருநாளும் கிடைக்கவில்லை. பெரும்பாலானோர் ஏற்கெனவே இறந்துவிட்டார்கள். யாரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கெஞ்சுவதில்லை. மூன்று பேரின் முடிவைச் சரியாக எழுதினால் புத்தகம் அவற்றை அச்செழுத்தாக்கி உறுதிசெய்துவிடும். என் வேலை இப்படித்தான் இருக்கவேண்டும் என்று அப்போது எண்ணினேன். நடந்ததைக் கண்டுபிடி, எழுது, மேலே அனுப்பு.

அப்படி எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் ஹோக்-செங் லாவின் கதைக்கு வந்தேன். ஃபார்மோசாவை, அதாவது இன்றைய தைவானைச், சேர்ந்த காவலர். இத்தாலியப் பயணி ஒருவரைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்டு, கப்பல்தளத்தில் கட்டிவைத்துச் சுடப்படுகிறார். உண்மையில் குத்தியவர் இரண்டாம் துணைத்தலைவர் எட்வர்ட் நிக்கல்ஸ். கடிகாரம் நம்மிடம் இருப்பதால் நமக்கு அது தெரியும். சுடச்சொன்னவர்களிடம் கடிகாரம் இல்லை. அவர்கள் கையில் இருந்த தடயங்கள் மட்டும் இருந்தன, அவற்றின்படி அவர்கள் முடிவெடுத்தார்கள். ஆட்டத்தின் இறுதியில் நம் புத்தகத்தை வைத்துக் கம்பெனி, இறந்தவர்களின் குடும்பச் சொத்துக்கு இழப்பீடு தருகிறது அல்லது அபராதம் விதிக்கிறது. அந்தப் பட்டியலைப் படிக்கும்போது திருப்தியாக இருந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

இளைஞர் சொன்னதுபோல இரண்டாவது விளையாட்டுதான் என் வேலை என்று நான் பல ஆண்டுகளாக நம்பிவந்திருக்கிறேன். கிரெஸ்டின் சாவடிதான் என் வேலையோ என்ற ஐயம் இப்போது வந்திருக்கிறது. அந்த ஐயத்தையும் நான் முழுதாக நம்பவில்லை. சாவடி அலுவலரும் விதிகளை எழுதியவர் இல்லை. அந்தப் பெண் சொன்னது உண்மையா என்பதை விளையாட்டு கடைசிவரை நமக்குச் சொல்வதுமில்லை. உள்ளே போனபின் அவளை நாம் பார்ப்பதே இல்லை. கெஞ்சுபவர் எல்லாரும் உண்மையைச் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொழில் ஒரு மாதம்கூட நடக்காது.

கடிதம் போய்விட்டது. மூன்றாண்டு முடிவதற்குள் போகவேண்டிய கட்டாயம் இருந்தது. ஆங்கிலத்தில் இருக்கும் அதை அந்த அம்மா படிக்கமாட்டார் என்பதால் தொலைபேசியில் அழைத்து, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம் என்று சொன்னேன். அந்த முகவரி கடிதத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்லும்படி எந்த விதியும் என்னைக் கேட்கவில்லை, சொல்லக்கூடாது என்றும் எந்த விதியும் தடுக்கவில்லை. செலவில்லாத எச்சரிக்கைகளில் இது எத்தனையாவது என்று இளைஞர் கேட்டிருக்கக்கூடும். அவரிடம் நான் சொல்லவில்லை.

அவர் புகார் கொடுத்தால் நிறுவனத்தின் சார்பில் பதில் குறிப்பு தயாரிப்பதும் நானாகத்தான் இருக்கும். கோப்பில் உள்ளதை வைத்துத்தான் அதை எழுதவேண்டும். ஏஜெண்ட்டிடம் சொன்னோம் என்று என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவர் சொன்னது கோப்பில் எங்கும் இல்லை. அவர் எழுதித் தரவில்லை, நான் எழுதி வாங்கவும் இல்லை, அப்படி வாங்கும் வழக்கமும் எங்கள் கிளையில் இல்லை.