திருவாடானை தாண்டிய பிறகு

என் அப்பா 31 ஆண்டுகள் அரசுப் பேருந்தில் நடத்துநராக வேலை பார்த்தவர். அதில் பெரும்பகுதி மதுரை–தொண்டி தடத்தில் கழிந்தது. 2022 பிப்ரவரியில் மஞ்சள் காமாலை என்று மருத்துவமனைக்குப் போனவருக்குக் கணையத்தில் புற்றுநோய் இருப்பதும், அது கல்லீரல் வரை பரவிவிட்டதும் தெரிந்தபோது வயது 71. கணையப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் வெளியே தெரியும் என்றார் மருத்துவர். பித்தக்குழாயின் அடைப்பை நீக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்துவிட்டு, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை, வீட்டில் வைத்து நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். காளையார்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில், தெருவைப் பார்த்தபடி கட்டிலைப் போட்டோம். அதன்பின் 15 வாரங்கள் இருந்தார்.

மருத்துவமனை வராந்தாவிலேயே நாங்கள் எடுத்த முதல் முடிவு, அப்பாவிடம் சொல்வதில்லை என்பது. "தெரிஞ்சா உடைஞ்சு போயிருவாரு அக்கா" என்றான் தம்பி. அம்மாவும் நானும் ஒப்புக்கொண்டோம். கல்லீரலில் வீக்கம், மாத்திரையில் சரியாகிவிடும் என்று ஒரு கதையைச் சேர்ந்து கட்டினோம். அன்பினால்தான் அப்படிச் செய்தோம் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த வீட்டில் அடுத்து நடந்த பல வேதனைகளுக்கு நோயைவிட அந்தப் பொய்யே காரணமாக இருந்தது.

அப்பாவுக்குக் கோபம் வர ஆரம்பித்தது. வாழ்நாளில் அம்மாவை ஒருமையில்கூட அதட்டாத மனிதர், கஞ்சி டம்ளரைச் சுவரில் எறிந்தார். விசாரிக்க வந்தவர்களைப் பார்க்க மறுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் அடுப்படியில் தாழ்ந்த குரலில் பேசினால், "என்ன ரகசியம்?" என்று முன்னறையிலிருந்து கத்தினார். சாவை எதிர்கொள்பவர்களின் மனம் கடப்பதாக எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் 1969இல் சொன்ன ஐந்து நிலைகளைப் பற்றி அப்போதுதான் கைபேசியில் படித்திருந்தேன்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. இது கோபக் கட்டம், சில நாளில் தானாகக் கடந்துவிடும் என்று அம்மாவைத் தேற்றினேன். கடக்கவில்லை. காலையில் கோபம், மதியம் 'அடுத்த மாசம் திருச்செந்தூர் போகணும்' என்ற ஆசை, இரவில் அழுகை என்று எல்லாம் ஒரே நாளில் வந்து போயின. வரிசை எதிர்பார்த்துக் காத்திருந்ததில், அவர் எதற்காகக் கோபப்படுகிறார் என்று கேட்கவே எனக்குத் தோன்றாமல் போயிற்று.

ஆறாவது வாரத்தில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வண்டியில் தீராத நோயின் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் செவிலியர் ஒருவர் வந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் படுக்கையிலிருக்கும் நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கிறார்கள் என்பதே, பக்கத்துத் தெருவில் பக்கவாதம் வந்த ஒருவரின் வீட்டார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கலாம். வாசலிலேயே வழிமறித்து, "அவருக்கு எதுவும் தெரியாது, நீங்களும் சொல்லிறாதீங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானா போய் எதையும் சொல்ல மாட்டேன் அக்கா. ஆனா அவரு என்கிட்ட நேரா கேட்டா, பொய் சொல்ல மாட்டேன்" என்றார். எனக்கு அப்போது அவர்மேல் ஆத்திரமே வந்தது.

முதலில் அவர் வலியைத்தான் கவனித்தார். மருத்துவர் எழுதித் தந்த மார்ஃபின் மாத்திரை பத்து நாளாக அலமாரியில் பிரிக்காமலே கிடந்தது. அடிமையாகிவிடுவார், உயிர் சீக்கிரம் போய்விடும் என்று நாங்கள் பயந்திருந்தோம். வலிக்காக, சரியான அளவில், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் அந்த இரண்டுமே நடக்காது என்று பொறுமையாக விளக்கினார். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கான மருந்தையும் கூடவே கொடுங்கள் என்றார். போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் இந்தியாவில் புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைப்பது பல ஆண்டுகள் அரிதாக இருந்தது. 2014இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். அப்படிப் போராடிப் பெற்ற மருந்தை நாங்கள் அலமாரியில் பூட்டி வைத்திருந்தோம் என்பது இப்போது நினைத்தாலும் நெஞ்சை அறுக்கிறது. மூன்றாம் நாள் இரவு அப்பா முதன்முறையாக விடியும்வரை தூங்கினார்.

வலி அடங்கியபின்தான் அவரால் பேச முடிந்தது. அடுத்த வாரம் செவிலியர் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "ஆத்தா, எத்தனாவது ஸ்டேஜு?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. செவிலியர் என்னையே பார்த்தார், தானாகப் பதில் சொல்லவில்லை. அப்பாவே தொடர்ந்தார். "வண்டி எங்க நிக்குதுன்னு கண்டக்டருக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? காளையார்கோவிலா, திருவாடானையா? அத மட்டும் சொல்லு."

"திருவாடானை தாண்டிருச்சுப்பா" என்றேன்.

அதற்கப்புறம் தொண்டிதான், கடல்தான். அந்தத் தடத்தில் ஆயிரக்கணக்கான முறை போய் வந்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார், பிறகு என் தலையில் கைவைத்து, "இத்தன நாளா ஒத்தையில சுமந்தியா?" என்று கேட்டார். நான் அழுதேன், அவரும் அழுதார், அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மாவும் அழுதார். தம்பி பயந்ததுபோல அவர் உடைந்து போகவில்லை. அன்றிலிருந்து டம்ளர் பறக்கவில்லை. எல்லோரும் கூடி ஏமாற்றுகிறார்கள், தன்னைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்பதுதான் அந்தக் கோபம் முழுவதும் என்று பிறகு அவரே சொன்னார்.

அதன்பின் துக்கமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோபம் போன இடத்தில் குற்றவுணர்வு வந்தது. ஓர் இரவு இரண்டு மணிக்கு எழுப்பி, எப்போதோ சில்லறை குறைந்ததற்காக ஒரு கிழவியைப் பூவந்திக்கு முன்னால் மழையில் இறக்கிவிட்டதைச் சொன்னார். "அது முகம் இப்ப வருதுத்தா" என்றார். 'விடுங்கப்பா, அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்ற சொல் என் வாய்வரை வந்தது. ஆறுதல் சொல்லி வாயை அடைத்துவிடாதீர்கள், முழுக்கச் சொல்லவிடுங்கள் என்று செவிலியர் சொல்லியிருந்ததால் அடக்கிக்கொண்டு, அந்தக் கிழவி எப்படி இருந்தார், கையில் என்ன வைத்திருந்தார் என்று கேட்டேன். ஒரு முருங்கைக்கீரைக் கட்டு வைத்திருந்ததுவரை நினைவு வைத்திருந்தார். அரைமணி நேரம் பேசிவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்துத் தூங்கினார். லண்டனில் 1967இல் இறுதிக்கட்ட நோயாளிகளுக்காகச் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், உடல்வலியோடு மனவலியும் உறவுகளின் வலியும் ஆன்மாவின் வலியும் சேர்ந்ததே முழு வலி என்றார். அதை அந்த அரைமணி நேரத்தில் கண்ணால் பார்த்தேன்.

என் மனநிலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பன்னிரண்டாவது வாரத்தில், ஒரே இரவில் நான்காவது முறையாகத் துணி மாற்றிக்கொண்டிருக்கையில், 'இது முடிந்துவிட்டால் தேவலை' என்று நினைத்தேன். நினைத்த கணமே என்மேல் எனக்கு அருவருப்பு வந்தது. இரண்டு நாள் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செவிலியரிடம் மட்டும் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. "அவரு கஷ்டம் முடியணும்னும் நெனக்கிறீங்க, உங்க அசதி முடியணும்னும் நெனக்கிறீங்க. அவரு போகணும்னு நெனக்கல. இன்னிக்கு ராத்திரி தம்பிய ஒக்காரச் சொல்லுங்க" என்றார். திருப்பூரிலிருந்து தம்பி வந்து மூன்று இரவுகள் பார்த்துக்கொண்டான். நான் தூங்கினேன். அந்த எண்ணம் மறுபடி வரவே இல்லை.

அம்மாவின் பாடு வேறு. நாற்பத்தைந்து ஆண்டுகள் சோறு போட்டே அன்பு காட்டியவர், அப்பா வாய் திறக்க மறுத்ததைத் தாங்க முடியாமல் கஞ்சியைப் புகட்டப் பார்த்தார், புரை ஏறியது. முடிவு நெருங்குகையில் உடம்புக்கு உணவு வேண்டியிருப்பதில்லை, சாப்பிடாததால் அவர் சாகவில்லை, சாகப்போவதால்தான் சாப்பிடவில்லை என்று செவிலியர் சொன்னார். அதோடு அம்மாவின் கைக்கு வேறு வேலையும் தந்தார்: ஈரத்துணியால் உதட்டை நனைப்பது, பாதத்தில் தேங்காயெண்ணெய் தடவுவது. அம்மா அதை இரவு பகலாகச் செய்தார்.

கடைசி மூன்று நாள் நினைவு தப்பிவிட்டது. விரல்கள் மட்டும் போர்வையின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தன. இந்நிலையில் பலருக்கும் வருவதுதான் என்றார்கள். எங்களுக்கு அது டிக்கெட் கிழிப்பதாகவே தெரிந்தது. தம்பி செய்தித்தாளைச் சின்னச் சின்னதாய் மடித்து அந்த விரல்களில் கொடுத்தான், கிழித்தார். மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்து, ஜூன் மாதத்தின் ஒரு விடிகாலையில் நின்றது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் அந்தச் செவிலியர் மீண்டும் வந்தார். மீதமிருந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொண்டு கிளம்புவார் என்று நினைத்தேன். அவர் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "கடைசியா ரெண்டு வாய் கஞ்சி குடுத்திருந்தா இன்னுங் கொஞ்ச நாள் இருந்திருப்பாராம்மா?" என்று அம்மா கேட்டார். இல்லை என்று சொல்லிக் காரணத்தையும் சொன்னார். சற்று நேரம் கழித்து அம்மா அதையே கேட்டார். அவரும் முதல்முறை கேட்பதுபோலவே கேட்டு, அதே பதிலைச் சொன்னார். அன்று மதியத்துக்குள் ஐந்து முறை அம்மா கேட்டார். வெளியே வண்டி ஓட்டுநர் காத்துக்கொண்டிருந்தார்.