கிளிநொச்சியில் கண்ட போத்தல் வாழைகள்

ஏ9 வீதியால் வடக்கே செல்லும் எவரையும் போல நானும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கும்பிட்டு, ஒரு பை கச்சானும் வாங்கிக்கொண்டுதான் கிளிநொச்சிக்குப் போனேன். தாவரத்தின் சிறு துண்டிலிருந்து போத்தலுக்குள் முழுக் கன்றுகளை வளர்த்தெடுக்கும், என் பெறாமகள் பணிபுரியும் இழைய வளர்ப்பு ஆய்வுகூடத்தைப் பார்ப்பதே பயணத்தின் நோக்கம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே 25 பாகை செல்சியஸில், வெள்ளை விளக்குகளின் கீழ், தட்டுத் தட்டாகப் போத்தல்களில் வாழைக்கன்றுகள் நின்றன.

வாழைக்குட்டியின் மடல்களை ஒவ்வொன்றாக உரித்து, உள்ளிருக்கும் வெண்ணிறக் குருத்து நுனியை எடுத்து, கிருமிநீக்கியான சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலில் கழுவி, கிருமியற்ற காற்று வீசும் பெட்டிக்குள் வைத்து வெட்டுகிறார்கள். ஆர்வத்தில் கிட்டப் போன என்னை, "சித்தப்பா, தள்ளி நில்லுங்கோ, மூச்சுப் பட்டாலே பூஞ்சணம் வந்திடும்" என்று பெறாமகள் தடுத்தாள். முரசிகே, ஸ்கூக் என்ற தாவர அறிஞர்கள் புகையிலை இழையத்துக்காக 1962இல் வகுத்த உப்புக் கலவையே, துண்டுக்கு உணவாகும் வளர்ப்பூடகத்தின் அடிப்படை. அதில் லீற்றருக்கு 30 கிராம் சீனியும் விற்றமின்களும் கூழாக உறையவைக்கும் ஏகாரும் சேர்த்து, 121 பாகையில் அமுக்கத்தின் கீழ் அவித்தெடுக்கிறார்கள்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தவை மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படும் வளர்ச்சி ஒழுங்காக்கிகளே. சைற்றோகைனின் மிகுந்தால் தளிரும், ஒட்சின் மிகுந்தால் வேரும், இரண்டும் ஏறக்குறையச் சமன்பட்டால் உருவமற்ற இழையத் திரளும் தோன்றும் என்பதை ஸ்கூக்கும் மில்லரும் 1957இல் புகையிலையில் காட்டியிருந்தனர். அதன்படியே இங்கும் பென்சைல் அமினோ பியூரின் என்ற சைற்றோகைனினைக் கொண்டு தளிர்களைப் பெருக்கி, பின்னர் இந்தோல் பியூத்திரிக் அமிலம் என்ற ஒட்சினுள்ள ஊடகத்துக்கு மாற்றி வேர்விடச் செய்கிறார்கள். பெருகுகிறதே என்று ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் பிரித்தால் குட்டையும் வேற்றுருவமுமான கன்றுகள் கலந்துவிடும். தாய்மரத்தில், இலைகளை உச்சியில் கொத்தாகக் குறுக்கிவிடும் முடிக்கொத்து வைரசு இருந்தால் அதுவும் போத்தலுக்குள் வந்துவிடும் என்பதால், குட்டி எடுக்குமுன் மரத்தைச் சோதிப்பது கட்டாயம்.

போத்தல் கன்று நோஞ்சான் என்று ஊரில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். என் பார்வையில் அந்தப் பழி கன்றுக்குரியது அன்று. நீராவி நிறைந்த போத்தலுக்குள் வளர்ந்த இலையில் மெழுகுப் படலம் மெல்லியது. நீராவி வெளியேறும் நுண்துளைகளான அதன் இலைவாய்களும் ஒழுங்காக மூடுவதில்லை. ஏகாரைக் கழுவி, நிழல்வலையின் கீழ் ஈரப்பதனைப் படிப்படியாகக் குறைத்துப் பழக்காமல் சோளகக் காற்றில் கொண்டுபோய் நட்டால் எந்தக் கன்றும் வாடத்தான் செய்யும். ஆகையால் அங்கே ஊடகம் காய்ச்சும் நாளையே ஐப்பசி மழையிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் குறிக்கிறார்கள்.