அறுவை சிகிச்சைக்கு முன்பே படித்த மருந்துப் பாடம்

என் மனைவி தம் சிறுநீரகங்களில் ஒன்றை எனக்குத் தருவதென்று முடிவாகி, மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவும் எங்களை விசாரித்து எழுத்துபூர்வமாக அனுமதி கொடுத்த பிறகு, அறுவை சிகிச்சைக்கு மூன்று வாரம் மீதமிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு நாற்காலியில் கழித்துக்கொண்டிருந்த நான், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருப்புதான் என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் ஒருங்கிணைப்பாளர் கைப்பேசிக்கு ஓர் இணைப்பை அனுப்பி, மருந்துகளைப் பற்றிய பாடங்களை இப்போதே பார்த்து முடிக்கச் சொன்னார். மூன்று காணொளிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் சில கேள்விகள், அதன் பிறகு மருந்தாளருடன் காணொளி வழியே ஒரு சந்திப்பு.

வயிற்றில் தையலோடு படுத்திருக்கும் ஒருவரிடம் பத்து மருந்துகளின் பெயரைச் சொன்னால் எதுவும் தங்காது. நான் படித்தது வீட்டில், தெளிந்த மனத்தோடு, நிறுத்தி நிறுத்தி. அந்த வாய்ப்பு எனக்குக் கிடைத்ததை இன்றும் பெரிதாக எண்ணுகிறேன்.

முதல் காணொளியில் மனத்தில் நின்றது ஒரே செய்தி. புதிய சிறுநீரகத்தை என் வெள்ளணுக்கள் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அந்நியப் பொருளாகவே பார்க்கும். டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரெட்னிசலோன் ஆகிய மருந்துகள் அந்த எதிர்ப்பைத் தணித்து வைக்கின்றன. உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கினால் வலியோ காய்ச்சலோ இல்லாமல், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு ரத்தத்தில் ஏறுவது மட்டுமே அடையாளமாக இருக்கக்கூடும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மருந்தைத் தள்ளிப்போடுவது எவ்வளவு ஆபத்து என்று அன்றுதான் புரிந்தது. இந்த டாக்ரோலிமஸ் 1984ஆம் ஆண்டு ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டெடுக்கப்பட்ட பொருள் என்பதைக் கேட்டு என் அம்மா வியந்துபோனார்.

அம்மாவைச் சொல்லியாக வேண்டும். பாடங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. எங்கள் வீட்டு அடுப்படி முழுவதும் அம்மாவின் பொறுப்பு. அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். எதை உண்ணலாம், எதை உண்ணக்கூடாது என்ற பாடம் உண்மையில் அவருக்குத்தான் போய்ச் சேர வேண்டும். இது ஒரு பெரிய குறை என்றே கருதுகிறேன். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் உள்ள எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் கூடத்தில் மூவரும் உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒருமுறை படத்தை நிறுத்தி, என் மனைவி தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா ஒரு பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டார். பதினைந்து நிமிடப் பாடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

மருந்தாளருடனான சந்திப்பில் முதலில் பேசப்பட்டது என் வேலை நேரம். டாக்ரோலிமஸைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், நாள்தோறும் ஒரே நேரத்தில் உட்கொள்ள வேண்டும். நான் ஜூரோங்கில் இரவு எட்டு முதல் காலை எட்டு வரையும், அடுத்த சுற்றில் பகலிலும் மாறி மாறி வேலை பார்ப்பவன். காலை ஏழு, இரவு ஏழு என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. இரண்டு சுற்றிலும் நான் கட்டாயம் விழித்திருக்கும் நேரம் எது, வயிறு ஓரளவு காலியாக இருக்கும் நேரம் எது, கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கும் நேரம் எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் ஒன்பது மணிக்கு வந்து நின்றோம். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக விழுங்கவே கூடாது, உடனே அழைத்துக் கேட்க வேண்டும் என்பதை என்னையே திரும்பச் சொல்ல வைத்தார்.

பிறகு அம்மா நோட்டைத் திறந்தார். “ரசத்துல மிளகும் மஞ்சளும் போடுறேனே, அது ஆகுமா? சளி புடிச்சா கஷாயம் வச்சுக் குடுப்பேனே?” சமையலில் சேர்க்கும் அளவுக்குத் தடையில்லை; செறிவாகக் காய்ச்சிய கஷாயம், லேகியம், மூலிகைப் பொடி, மாத்திரை வடிவில் வரும் மஞ்சள் ஆகியவற்றைக் கேட்காமல் தரக்கூடாது என்பது பதில். பம்பளிமாஸ் அறவே ஆகாது. அது குடலிலும் கல்லீரலிலும் டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியின் வேலையைக் குறைத்து, ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடக்கூடும். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி சீனப் புத்தாண்டுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் பழம் அதுதான். மூட்டுவலிக்கு அம்மா வைத்திருக்கும் ஐபுப்ரோஃபென் மாத்திரையை நான் தொடக்கூடாது என்பதும், கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளை வேறு மருத்துவர் எழுதிக்கொடுத்தால் முதலில் மருத்துவமனையின் உறுப்பு மாற்றுப் பிரிவைக் கேட்க வேண்டும் என்பதும் அதே நோட்டில் ஏறின.

அறுவை சிகிச்சை நல்லபடியாக நடந்தது. ஐந்தாம் நாள் தாதி மாத்திரைகளைத் தட்டில் வைத்து, நானே எடுத்து அடுக்க வேண்டும் என்றார். மஞ்சள் நிறத்தில் அரை மில்லிகிராம், வெள்ளையில் ஒரு மில்லிகிராம். எண்ணி எடுத்தபோது கை நடுங்கியது. அந்த நடுக்கமும் மருந்தின் விளைவாக இருக்கலாம் என்று காணொளியில் பார்த்திருந்ததால் பயப்படவில்லை.

ஆனாலும் தவறினேன். வீடு திரும்பிய மூன்றாம் வாரம், பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வரிசையில் காத்திருந்தபோது கைப்பேசி ஒன்பது மணிக்கு ஒலித்தது. பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்த மாத்திரையை விழுங்கிவிட்டேன். மருந்தின் அளவைப் பார்க்கும் நாளில் ரத்தம் எடுத்த பின்பே காலை மருந்து என்று மூன்றாம் காணொளியில் படித்துக் கேள்விக்குச் சரியாகப் பதிலும் எழுதியவன் நான். தாதி கேட்டதும் உண்மையைச் சொன்னேன். மறைத்திருந்தால் அளவு கூடுதலாகத் தெரிந்து, தேவையில்லாமல் மருந்தைக் குறைத்திருப்பார்கள். மறுநாள் மீண்டும் சென்றேன். அன்று முதல் பரிசோதனைக்கு முந்தைய இரவே கைப்பேசியின் காலை மணியை அணைத்துவிட்டு, மாத்திரை உறையின் மேல் ‘ரத்தத்துக்குப் பின்’ என்று தாள் ஒட்டிவிடுவார் என் மனைவி.

இரண்டாம் ஆண்டில், மருத்துவர் சம்மதித்த பிறகு, தஞ்சாவூரில் மாமா வீட்டுத் திருமணத்துக்குப் போனோம். மருந்து முழுவதும் கைப்பையில், மருத்துவரின் கடிதத்தோடு. சிங்கப்பூரின் ஒன்பது மணி அங்கே ஆறரை. கல்யாண வீட்டில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருக்க, அம்மா ஒரு கையில் வெந்நீர்ச் செம்பும் மறு கையில் அந்த நோட்டுமாக வந்து என்னை எழுப்பினார்.